மெரூன் ரெக்சின் போட்ட பெட்டி

கொட்டாஞ்சேனையில் நஸீறாவிடம் ஏச்சு வாங்காதவர் யாராவது இருந்தால், அவர் அந்தப் பக்கத்துக்குப் புதிதாகக் குடிவந்தவராகத்தான் இருக்க வேண்டும். ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், த்ரீவீலருக்கும் வேனுக்கும் தனியார் பஸ்ஸுக்கும் சீட் அடித்துக் கொடுக்கும் குஷன் வேலைத்தலம் அவளுடையது. அவளுடைய வாப்பா தொடங்கி வைத்துவிட்டுப் போன தொழில். நான்கு தையல் மெஷின், ஒரு கம்ப்ரெசர், அந்தக் காற்றில் டப் டப்பென்று ஆணி அறையும் இரண்டு ஸ்டேப்ளர், வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் காத்து நிற்கும் த்ரீவீலர்கள். இத்தனைக்கும் மேலாக ஒரு குரல் கேட்கும். அதுதான் நஸீறா.

அவளுடைய ஏச்சில் ஒரு விசேஷம் உண்டு. மூத்த தையல்காரர் வேலுசாமி ஜிந்துப்பிட்டியிலிருந்து நடந்து வருபவர்; அவர் கொஞ்சம் அசந்தால் போதும், "வேலுசாமி! மூலையில நூல் தொங்குது, கண் தெரியல்லயா, கண்ணாடி மாத்தச் சொல்லி எத்தன தரம் சொல்ற, இண்டைக்கே போய் மாத்துங்க, மெஷின நான் பாத்துக்கொள்றன்!" என்று ஒரே மூச்சில் வரும். ஏச்சு எங்கே முடிந்தது, அக்கறை எங்கே தொடங்கியது என்று பிரித்தெடுக்க முடியாது. அதனால் யாரும் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போனதில்லை. போனாலும் நாலு நாளில் திரும்பி வந்துவிடுவார்கள், ஏச்சு வாங்காமல் இருக்க முடியாமல்.

அந்த ஏச்சில் பெரிய பங்கு அவள் புருஷன் முர்ஷித்துக்குத்தான். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாள் முதல் வெட்டும் மேசைதான் அவன் இடம். ரெக்சினை விரித்து, சோக்கால் கோடு போட்டு, துணுக்கு வீணாகாமல் வெட்டுவதில் அவனை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. ஆனால் எதை முதலில் வெட்டுவது, யாருக்கு எப்போது கொடுப்பதாகச் சொன்னது, எந்த பஸ்காரனை நம்பலாம், எவனை நம்பக்கூடாது என்பதெல்லாம் அவன் தலையில் ஏறாது. அதற்கு நஸீறா கத்த வேண்டும். அவள் கத்துவாள், அவன் வெட்டுவான். பிள்ளை குட்டி இல்லாத அந்த இரண்டு பேரின் இல்லறம் அப்படித்தான் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

போன வருஷக் கடைசியில் நஸீறாவின் கழுத்தில் ஒரு கட்டி. பொரளைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அதை எடுத்தார்கள். கட்டி குரல் நரம்போடு ஒட்டிக் கிடக்கிறது, குரல் பழையபடி வராமல் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கத்தி வைத்தார். கெட்ட கட்டி இல்லை என்று தெரிந்ததும் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள். நஸீறாவும் சொன்னாள். அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. வாயசைந்தது, சத்தமாக வந்தது பாதி காற்று, பாதி கரகரப்பு.

வேலைத்தலத்துக்குத் திரும்பி வந்து சில வாரங்கள் முயன்று பார்த்தாள். கையைத் தட்டினாள். கத்தரிக்கோலால் மேசையில் அடித்தாள். மெஷின் சத்தத்தில் எதுவும் எடுபடவில்லை. ஆளுக்குப் பக்கத்தில் போய் நின்று காதோடு சொன்னால் கேட்கும். ஆனால் அவள் பக்கத்தில் வந்தாலே எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு, நோயாளியைப் பார்க்கிற முகத்தோடு அண்ணாந்து பார்த்தார்கள். அந்த முகங்களைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முதலில் பிந்தி வரத் தொடங்கினாள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாள். கடைசியில் தன் தம்பி இப்ஹாமை வீட்டுக்குக் கூப்பிட்டு, ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு வேலைத்தலத்தை அவனே பொறுப்பெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

இப்ஹாம் நல்ல பிள்ளை. அவனுக்கு வெள்ளவத்தையில் ஃபோன் உறையும் சார்ஜரும் விற்கும் கடை, ஓகோவென்று ஓடுகிறது. முன்பக்கத்தை அப்படி ஒரு கடையாக மாற்றலாம், குஷன் வேலையைப் பின்னால் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாம், பார்ப்போம் என்றான். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்பது வேலுசாமிக்கும் தெரியும், முர்ஷித்துக்கும் தெரியும்.

ஆனால் முர்ஷித்தைப் பயமுறுத்தியது அது இல்லை. வெட்டுகிற கைக்கு எங்கே போனாலும் வேலை உண்டு. வீடுதான் அவனைப் பயமுறுத்தியது. நஸீறா இப்போது குசினியிலிருந்து முன் அறைக்கு ஃபோனில் செய்தி அனுப்பினாள். "சாப்பாடு வெச்சீக்கு." அவ்வளவுதான். சாப்பாட்டுக்குப் பிந்தி வந்தால் ஒரு வார்த்தை கூட இல்லை. ஒருநாள் வேண்டுமென்றே ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டுவிட்டுக் காத்திருந்தான். அவள் வந்தாள், பார்த்தாள், எடுத்துக் கொடியில் போட்டுவிட்டுப் போனாள். இவள் வேலைத்தலத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டால் இப்படியே அடங்கி அடங்கி ஒன்றுமில்லாமல் போய்விடுவாள் என்று முர்ஷித்துக்குப் பட்டது.

"ஒரு மைக் போட்டா என்ன?" என்று அன்றைக்கே கேட்டுவிட்டான். "மெதுவாப் பேசினாலும் எல்லாருக்கும் கேக்கும்."

நஸீறா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "இந்தச் சத்தத்தப் பெருசாக்கி ஊருக்கெல்லாம் கேக்க வெக்கப் போறீங்களா?" என்றாள். அதைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

அவள் என்ன சொல்கிறாள் என்று அந்த இடத்திலேயே புரிந்துகொண்டிருக்கலாம். முர்ஷித் புரிந்துகொள்ளவில்லை. இது அவளுடைய வழக்கமான பிடிவாதம், ஆரம்பத்தில் எதற்கும் வேண்டாம் என்பாள், கொண்டுவந்து வைத்துவிட்டால் சரியாகிவிடுவாள் என்று நினைத்தான். ஃபிரிட்ஜ் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது.

சவுண்ட் றேமண்ட் என்றால் கொட்டாஞ்சேனையில் தெரியாதவர் இல்லை. மாதா கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவன். முர்ஷித் அவனிடம் போய் விஷயத்தைச் சொன்னான். வேலை செய்கிறவர்கள் பாட்டுக் கேட்பதற்கு என்று ஒரு செட் போடுவது. மைக் அதோடு சேர்ந்து வந்தது என்று சொல்லிவிடுவது. மேசையில் சும்மா கிடக்கும். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அவளாகவே எடுப்பாள்.

"நல்ல பிளான் நானா," என்றான் றேமண்ட்; முர்ஷித்தை அவன் அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவான். "அம்ப்ளிஃபையரும் ரெண்டு பெட்டியும் தாறன். பழைய சாமான்தான், ஆனா உள்ளுக்கு ஒரு குறையும் இல்ல. வெளியில மட்டும் பாக்க வேண்டாம்."

வெளியில் பார்க்காமல் இருப்பது ஒரு குஷன்காரனால் ஆகிற காரியமா?

பெட்டிகள் த்ரீவீலரில் வந்து இறங்கின. வேலைத்தலத்தில் வைத்து ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தார்கள். கம்ப்ரெசர் சத்தமே அதற்குள் அமுங்கிப் போனது. தையல் மெஷினில் இருந்த ரமணி உட்கார்ந்த இடத்திலேயே தோளை ஆட்டினாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பாட்டை நிறுத்திவிட்டுப் பெட்டிகளைச் சுற்றி நின்று பார்த்தபோதுதான் ஒவ்வொருவர் முகமும் சுருங்கியது. மூலைகள் எல்லாம் உடைந்து மரத்தூள் தெரிந்தது. ஒரு பக்கத்தில் எந்தக் காலத்திலோ ஒட்டிய கலியாணக் காகிதப் பூவின் மிச்சம். முன்பக்கத்துக் கம்பி வலை துருவேறி, ஓரிடத்தில் உள்ளே அமுங்கிக் கிடந்தது.

"இதயா அக்கா வந்து பாக்கப் போறாங்க?" என்றார் வேலுசாமி. "மொதலாளி, நம்ம கடையில இப்படி ஒரு சாமான் தொங்கினா நாளைக்கி எவன் நமக்கு சீட் அடிக்கக் குடுப்பான்?"

அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. முர்ஷித் மேசையைத் துடைத்தான். உள்ளதிலேயே நல்ல மெரூன் ரெக்சின் சுருளை இறக்கினான். வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றும் வேன்காரர்களுக்கு மட்டும் என்று நஸீறா ஒதுக்கி வைத்திருந்தது. ஸ்பொஞ்ச் அளந்து வெட்டினான். பக்கங்களுக்கு மெல்லிசு போதும். முன்பக்கத்துக்குத்தான் தடித்தது வேண்டும், ஏனென்றால் எந்த சீட்டுக்கும் முன்பக்கம்தானே உயிர்? ஆள் சாய்கிற பக்கம், கண் படுகிற பக்கம். அதில் இரண்டு அங்குல ஸ்பொஞ்ச் வைத்து, ரெக்சினில் டயமண்ட் டயமண்டாகத் தையல் ஓட்டி, கட்டத்துக்குக் கட்டம் பொத்தான் அழுத்தி, ஓரம் முழுக்கக் கிறீம் நிறத்தில் பைப்பிங் என்கிற உருட்டு விளிம்பு வைத்தார்கள். வேலுசாமி அன்றைக்குச் சாப்பாட்டுக்குக் கூட எழும்பவில்லை. நஸீறாவுக்கு என்று செய்கிற வேலை என்பதால் அவரும் முர்ஷித்தும் அதில் தங்கள் கைத்திறமை முழுவதையும் கொட்டினார்கள். ஒரு நூல் தொங்கவில்லை, ஒரு மடிப்பு விழவில்லை.

முடிந்ததும் பெட்டிகளை வெட்டும் மேசைக்கு மேலே, சுவரில் இரும்புச் சட்டம் அடித்துத் தூக்கி வைத்தார்கள். வேலுசாமி தூர நின்று பார்த்துவிட்டு, "இதுல தலைய வெச்சா அப்பிடியே தூக்கம் வந்துரும்," என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அந்தத் தொழிலில் கிடையாது. பாட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் பகல் நஸீறா வருவதாக இருந்தது. பஸ் ஓடர் ஒன்றுக்கு நிறம் தெரிவு செய்ய வேண்டும், நீ வந்தால்தான் ஆகும் என்று முர்ஷித் கெஞ்சி வைத்திருந்தான். அதற்குக் கொஞ்சம் முன்னால் வயர் இணைக்க வந்த றேமண்ட், கையில் வயர்ச் சுருளோடு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"முர்ஷித் நானா," என்றான் மெதுவாக, "ஸ்பீக்கர் எங்க?"

"மேல பாருங்க. வடிவா ஈக்கா?"

"வடிவு ஈக்கட்டும். முன் பக்கத்த முழுக்க மூடிட்டீங்களே! சத்தம் எந்தப் பக்கத்தால வாறது?"

முர்ஷித் மேலே பார்த்தான். வேலுசாமி மேலே பார்த்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பின்னால வராதா?" என்று கேட்டான் முர்ஷித்.

அதற்குள் வாசலில் இப்ஹாமின் வேன் வந்து நின்றது. நஸீறா இறங்கினாள். பின்னாலேயே இப்ஹாமும் அளவு டேப்போடு இறங்கினான். ராத்தாவை, தன் அக்காவை, கூட்டி வருகிற சாக்கில் முன்பக்கத்தில் ஃபோன் சாமான் அடுக்கும் ராக்கை அடிக்க அளவெடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று வந்திருந்தான். இனிக் கழற்றுவதற்கு நேரமில்லை. றேமண்ட் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக வயரை இணைத்தான். மைக்கை ஒரு தட்டுத் தட்டிச் சோதித்து, மெல்லப் பேசினாலும் எடுபடும்படி அதன் சத்தத்தை முழுக்கக் கூட்டி மேசையில் வைத்தான். பாட்டு தொடங்கியது.

மூன்று தெரு தள்ளி, ஜன்னல் எல்லாம் சாத்திய ஒரு வீட்டுக்குள் யாரோ தலையணைக்கு அடியில் ஃபோனை வைத்துப் பாட்டுப் போட்டால் எப்படிக் கேட்கும்? அப்படிக் கேட்டது. பாடுகிறவர் ஆணா பெண்ணா என்று கூடத் தெரியவில்லை. தவில் மட்டும் ஏதோ பக்கத்து வீட்டில் மா இடிப்பது மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

"நல்லா ஈக்குதானே?" என்றான் முர்ஷித், முகம் செத்துப் போய்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் ரமணி விசுவாசமாக. "தலவலி வராது."

நஸீறா பையைத் தோளில் மாட்டியபடியே மேசைக்கு அருகில் வந்தாள். எட்டி, தாழ இருந்த பெட்டியின் முகத்தில் உள்ளங்கையை வைத்தாள். ஸ்பொஞ்சை அமுக்கினாள். தையலைத் தடவினாள். திரும்பி முர்ஷித்தைப் பார்த்தாள், வேலுசாமியைப் பார்த்தாள், மறுபடி பெட்டியைப் பார்த்தாள். அவளுடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாளோ என்று முர்ஷித் பதறிப் போனான். இல்லை, சிரிக்கிறாள். சத்தமில்லாமல், கண்ணில் தண்ணீர் வர, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவமானம் எல்லாம் பறந்து போய் அவனும் சிரித்தான், வேலுசாமியும் சிரித்தார்.

சிரித்துக் கொண்டே குனிந்தபோது நஸீறாவின் கண்ணில் மைக் பட்டது.

சிரிப்பு அப்படியே நின்றது. மைக்கைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"இதுக்குத்தானா?" என்றாள்.

முர்ஷித்துக்குப் பொய் சொல்ல வராது. "ஓம்," என்றான். "இதுக்குத்தான். பாட்டு சும்மா ஒரு சாட்டு. நீ ஏசாம எனக்கு ஒரு கோடு நேரா வருதில்ல நஸீறா. நான் வெட்டினத ஒருத்தரும் பிழை சொல்றாங்க இல்ல. நீ இங்க இல்லாட்டி இது கட இல்ல, வெறும் சத்தம். ஊட்டுலயும் நீ ஒண்டும் சொல்றாய் இல்ல. எனக்கு ஏலாம ஈக்குது."

நஸீறா அவன் சட்டைக் கையைப் பிடித்து அருகில் இழுத்தாள். மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்றில்லை, அவளுக்கு அவ்வளவுதான் சத்தம் வரும்.

"இந்தக் கிழிஞ்ச சத்தத்த நானே கேக்க ஏலாம ஈக்கிறன்," என்றாள். "காலம வாயத் தொறக்கிற நேரம் யாரோ வேற ஒருத்தி பேசுற மாதிரி. அதாலதான் வாய மூடிட்டு ஈக்கிற. அத எடுத்து நாலு பேருக்குப் பெருசாப் போட்டுக் காட்டப் பாத்தீங்களே."

முர்ஷித்துக்கு அப்போதுதான் உறைத்தது. சத்தம் போதவில்லை என்றுதான் அவன் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கோ அந்தச் சத்தமே வேண்டாதது. அன்றைக்கே சொன்னாள், அவன்தான் ஃபிரிட்ஜையும் மைக்கையும் ஒன்றாக நினைத்துவிட்டான். தன் மீதே அவனுக்கு வெறுப்பாக வந்தது.

"பிழை என்டதான்," என்றான். "களட்டிடுறன். மைக் வேணாம். இனி அதப் பத்திப் பேசவும் மாட்டன்."

நஸீறா தலையாட்டிவிட்டு வாசலை நோக்கி நடந்தாள். இப்ஹாம் முன்பக்கச் சுவரில் டேப்பை நீட்டி அளந்துகொண்டிருந்தான். எல்லோருக்கும் கையில் ஏதாவது வேலை வேண்டியிருந்தது. வேலுசாமி போய்க் கம்ப்ரெசரைப் போட்டுவிட்டு ஸ்டேப்ளரை எடுத்தார். மெஷின்கள் ஓடத் தொடங்கின. பழைய இரைச்சல் திரும்பி வந்தது.

றேமண்ட் பாட்டை நிறுத்திவிட்டு முர்ஷித்தின் காதுக்குள் கத்தினான்: "நானா, களட்ட வேணாம்! பெட்டி ஈக்கட்டும், இந்தப் புள்ளைகள் பாட்டாவது கேக்கட்டும்! முன்னுக்கு ரெண்டு வட்டம் வெட்டி விடுங்க, சரி!"

முர்ஷித் ஏணியைச் சாய்த்து வைத்து ஏறினான். கையில் ரெக்சின் வெட்டும் பிளேட். மனம் அங்கே இல்லை. எப்படி வெட்டினால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள் என்று, டயமண்ட் தையலின் நட்ட நடுவில் பிளேட்டின் முனையை வைத்தான்.

வாசற்படியில் ஒரு காலை வைத்த நஸீறா திரும்பிப் பார்த்தாள். வேன்காரர்களுக்கென்று அவள் எடுத்து வைத்த ரெக்சின். வேலுசாமி சாப்பிடாமல் கொள்ளாமல் போட்ட தையல். அதை நடுவில் குத்திக் கிழிக்கப் போகிறான் இந்த மனிதன். ஓரத்துப் பைப்பிங்கைப் பிரித்தால் ஒரு துணுக்கு வீணாகாமல் முழுசாகக் கழற்றலாம் என்பது நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக் கூடத் தெரியும். "வெட்டாதீங்க!" என்றாள். அவளுக்கே கேட்கவில்லை. கையைத் தட்டினாள். காலை உதைத்தாள். ஒருவரும் திரும்பவில்லை. பிளேட் ரெக்சினில் இறங்கப் போகிறது. நஸீறா ஓடி வந்து, கைக்கு எட்டியதை எடுத்து வாயில் வைத்தாள்.

"அதுல வெட்டாதீங்க! பைப்பிங் ஓரத்தால தையலப் பிரிங்க!"

முர்ஷித்தின் முகத்துக்கு நேரே, அந்த மெரூன் பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. அவன் கை அப்படியே நின்றது. ரமணி மெஷினை நிறுத்தினாள். வேலுசாமி கம்ப்ரெசரை நிறுத்தினார். ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன.

அது பழைய நஸீறாவின் குரல் இல்லைதான். கொஞ்சம் தடித்து, தணிந்து, பக்கத்து அறையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு ஏசுகிற மாதிரி இருந்தது. ஆனால் கரகரப்பு இல்லை. காற்று இல்லை. கிழிசல் இல்லை. கதவுக்குப் பின்னால் இருப்பது நஸீறாதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நஸீறா மைக்கைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். மறுபடி வாயருகே கொண்டுபோனாள்.

"வேலுசாமி," என்றாள்.

"அக்கா!" வேலுசாமி ஸ்டேப்ளரைக் கீழே போட்டுவிட்டு எழும்பி நின்றார். அவருடைய உதடு கோணியது.

"என்ன நிக்கிறீங்க? கண்ணாடி மாத்தினீங்களா?"

"மாத்திட்டேங்கக்கா," என்று சொல்லிக்கொண்டே புதுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ரமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

றேமண்ட் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "உங்கட ஸ்பொஞ்ச் கரகரப்ப எல்லாம் உறிஞ்சிட்டுது நானா. மேல் சத்தத்தத் தின்னுட்டு அடிச் சத்தத்த மட்டும் வெளிய விடுது. பாட்டுக்கு இது படு நாசம். இவங்களுக்கு இதவிட நல்ல பெட்டி நான் தேடினாலும் கெடைக்காது."

"அப்ப ஒண்டத் தொறங்க, பாட்டுக்கு," என்றது பெட்டி. "மத்தது அப்பிடியே ஈக்கட்டும். அதுல ஒருத்தரும் கை வெக்கக் கூடாது." பிறகு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, இத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வந்தது. "யாரிட்டக் கேட்டு இந்த ரெக்சின எடுத்தீங்க? ஸ்பீக்கரா அடிச்சீங்க, மெத்தையா அடிச்சீங்க? புத்தி ஈக்கிற மனுசன் வாய மூடித் தைப்பானா? ஊட்டுல ஈரத் துவாயக் கட்டில்ல போடுறது, கடையில வந்து இந்த வேல! பாத்துட்டுப் பேசாம ஈந்தேன் எண்டு நினைக்க வேணாம். இப்ஹாம், நீ என்ன சொவரோட நிக்கிற? அந்த டேப்பச் சுருட்டு. இங்க ராக்கையும் வராது ஒண்டும் வராது. போற நேரம் ரமணிய டிஸ்பென்சரியில எறக்கிட்டுப் போ, அவள் நான் வந்த நேரத்துல ஈந்து இருமிட்டு ஈக்கிறா, இங்க ஒருத்தருக்கும் காது இல்ல."

இப்ஹாம் ராத்தாவைப் பார்த்தான். அவன் முகத்தில் ஏமாற்றம் ஒரு கணம் வந்து போனது. அதற்குப் பிறகு வந்தது சிரிப்பு. "சரி ராத்தா," என்று சொல்லி டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டான். வாசலில் சீட்டுக்குக் காத்து நின்ற த்ரீவீலர்காரன் உள்ளே எட்டிப் பார்த்து, "நோனா ஆவாத?" என்று சிங்களத்தில் கேட்டான், நஸீறா நோனா வந்துவிட்டாரா என்று.

முர்ஷித் இன்னும் ஏணியில்தான் நின்றான். ஒவ்வொரு ஏச்சாக அவன் நெஞ்சில் வந்து விழுந்தது, வெயிலில் அலைந்தவன் தலையில் தண்ணீர் ஊற்றுவதுபோல. துவாயை அவள் கவனித்திருக்கிறாள். ஏசத்தான் நினைத்திருக்கிறாள். இறங்க வேண்டும் என்று காலை நகர்த்தினான்; கண் நிறைந்திருந்ததால் கீழ்ப்படி தெரியவில்லை. பெட்டியின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, ரெக்சினில் நெற்றியை வைத்து மறைத்துக்கொண்டான்.

நஸீறா ஏணியின் அடியில் வந்து நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். மைக் கையில் இருப்பதை மறந்து, வீட்டில் அவனோடு தனியாக இருக்கும்போது பேசுகிற குரலில், மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஏன் அழுறீங்க? நான் எங்கயும் போகல்ல."

கடை முழுவதும் கேட்டது. சந்தில் நின்ற த்ரீவீலர்காரர்களுக்கும், எதிரே தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. யாரோ விசிலடித்தார்கள். முர்ஷித்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவன் இறங்கவில்லை. அவள் அதை இன்னொரு தடவை சொல்லட்டும் என்று, நெற்றியைப் பெட்டியில் வைத்தபடி அங்கேயே நின்றான்.